காலை 6 மணி மெசேஜ் ராத்திரி முழுக்க எங்கே இருக்கிறது?

மாசச் சீட்டு நடத்துகிறவர்கள், ட்யூஷன் எடுப்பவர்கள், காசிமேட்டில் போட்டுக்கு ஆள் சேர்ப்பவர்கள், எம்.சி. ரோடு கடைகளுக்குத் தைத்துக் கொடுப்பவர்கள் என்று விடிந்தும் விடியாததுமாக மெசேஜ் போட வேண்டியவர்கள் வட சென்னையில் நிறையப் பேர். ராத்திரி 11 மணிக்கு நினைவு வந்ததை அப்போதே அனுப்பினால் எதிரில் இருப்பவர் தூக்கம் கெடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தண்ணி பிடிக்கிற அவசரத்தில் மறந்தே போகும். எழுதி, நேரம் குறித்து வைத்துவிட்டுப் படுப்பது நல்ல பழக்கம். ஆனால் குறித்து வைத்த மெசேஜ் காலையில் போகாமல் நிற்பதும் அடிக்கடி நடக்கிறது. காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முடியும்: அந்த மெசேஜ் நேரம் வரும்வரை எங்கே காத்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

காத்திருக்கும் இடம் இரண்டுதான். ஒன்று உங்கள் போனுக்குள்ளேயே. சாதாரண எஸ்எம்எஸ் எல்லாம் இந்த வகை. குறித்த நிமிஷத்தில் போன் ஆனில் இருக்க வேண்டும், டவர் கிடைக்க வேண்டும், சிம்மில் பேக் உயிரோடு இருக்க வேண்டும். இன்னொன்று, செயலியை நடத்தும் நிறுவனத்தின் சர்வர். டெலிகிராம், ஜிமெயில், ஐபோனின் ஐமெசேஜ் இந்த வகை. குறித்து முடித்த பிறகு போனை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் மெசேஜ் போய்விடும். எந்தச் செயலியை எடுத்தாலும் முதல் கேள்வி இதுதான். மெனு எங்கே இருக்கிறது என்பது அப்புறம்.

ஆண்ட்ராய்டு போனில்

இங்கே பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. அதில் இருப்பது கூகுள் மெசேஜஸ். நேரம் குறிக்கும் வசதி அதற்கு 2020இல் வந்தது. உரையாடலைத் திறந்து மெசேஜை எழுதுங்கள். சென்ட் அம்புக்குறியைச் சும்மா தட்டாமல் அழுத்திப் பிடியுங்கள். கூகுளே சொல்லும் சில நேரங்களும், கடைசியில் 'பிக் டேட் அண்ட் டைம்' என்பதும் வரும். தேதி, நேரம் இரண்டையும் கொடுத்து 'சேவ்' கொடுங்கள். இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சேவ் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. எழுதும் பெட்டிக்கு மேலே நேரம் தெரியும். மறுபடி ஒரு முறை சென்ட் அழுத்தினால்தான் மெசேஜ் வரிசையில் ஏறும். அழுத்தாமல் வெளியே வந்தால் அது வெறும் டிராஃப்ட். சரியாக ஏறிவிட்டால் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் நிற்கும். கடிகாரம் தெரிந்த பிறகே போனைக் கீழே வையுங்கள்.

அந்தக் கடிகாரத்தைத் தட்டினால் மெசேஜைத் திருத்தலாம், இப்போதே அனுப்பலாம், அழித்தும் விடலாம். திருத்தினால் மறுபடி சென்ட் கொடுத்து, கடிகாரம் திரும்ப வந்துவிட்டதா என்று பாருங்கள்.

சாம்சங்கின் சொந்த மெசேஜஸ் செயலி வைத்திருப்பவர்களுக்கு எழுதும் பெட்டியின் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும். அதற்குள் 'ஷெட்யூல் மெசேஜ்'. புது கேலக்ஸி போன்களில் கூகுள் மெசேஜஸ்தான் வருகிறது, அதனால் மேலே சொன்ன முறையே போதும்.

எஸ்எம்எஸ் அனுப்பும் வேறு செயலிகள் முன்பு பிளே ஸ்டோரில் ஏகப்பட்டவை இருந்தன. 2018 கடைசியில் எஸ்எம்எஸ் அனுமதியைக் கேட்கும் செயலிகளுக்குக் கூகுள் கடிவாளம் போட்ட பிறகு பல காணாமல் போயின. போனிலேயே இருக்கும் செயலி போதுமானதாக இருக்கும்போது வேறொன்றைத் தேடிப் போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எஸ்எம்எஸ் படிக்கத் தெரிந்த செயலிக்கு உங்கள் வங்கி ஓடிபியும் தெரியும்.

சரி, கடிகாரமும் நின்றது, காலையில் ஏன் போகவில்லை? முதல் சந்தேகம் பேட்டரி சேமிப்பு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் 'டோஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது. போன் சார்ஜரில் இல்லை, திரை அணைந்திருக்கிறது, யாரும் தொடாமல் ஒரே இடத்தில் கிடக்கிறது என்றால், அது கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிகளின் பின்னணி வேலையை ஒத்திப்போடத் தொடங்கும். நடு ராத்திரியில் அலமாரி மேல் கிடக்கும் போன் அச்சு அசலாக இந்த நிலையில்தான் இருக்கும். அதனால்தான் பகலில் '5 நிமிஷம் கழித்துப் போ' என்று சோதித்தால் கச்சிதமாகப் போகும் மெசேஜ், காலை 5 மணிக்குக் குறித்தால் தாமதமாகிறது. இதற்குத் தீர்வு இரண்டு. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் மெசேஜஸ், அதில் பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வையுங்கள். ரெட்மி, போக்கோ வைத்திருப்பவர்கள் இதோடு 'ஆட்டோஸ்டார்ட்' என்பதையும் ஆன் செய்ய வேண்டும். இரண்டாவது இன்னும் எளிது: அந்த ராத்திரி போன் சார்ஜரில் இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது டோஸ் வேலை செய்யாது, போன் செத்துப்போகும் பயமும் இல்லை. சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் குறிக்கும் தனிச் செயலி ஏதாவது வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இன்னொரு அனுமதியும் தேவை. ஆண்ட்ராய்டு 12 முதல் 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்று தனியாக ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 14 போனில் புதிதாக ஏற்றும் செயலிகளுக்குப் பெரும்பாலும் அது ஆஃபில்தான் இருக்கும். அது இல்லாமல் 6:00 மணி மெசேஜ் 6:20க்கும் போகும்.

இரண்டாவது சந்தேகம் சிம். இரண்டு சிம் போட்ட போனில் ஒன்று வீட்டுக்கு, ஒன்று தொழிலுக்கு. உரையாடல் எந்த சிம்மில் திறந்திருக்கிறதோ அதிலிருந்துதான் மெசேஜ் கிளம்பும். எழுதும் பெட்டி ஓரத்திலேயே சிம் அடையாளம் தெரியும். 28 நாள் பேக்கின் கணக்கும் இங்கே இடிக்கும். மாசம் 30 நாள், பேக் 28 நாள். 1ஆம் தேதி வாடகைக்கு நினைவூட்ட எண்ணி 25ஆம் தேதியே மெசேஜைக் குறித்து வைத்தீர்கள்; பேக் 29ஆம் தேதி முடிந்தது. உங்களுக்கு மெசேஜ் வந்துகொண்டிருக்கும், உங்களிடமிருந்து போகாது. போன் பார்ப்பதற்குச் சரியாகவே இருப்பதால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கவே நேரமாகும்.

மூன்றாவது, ஆர்சிஎஸ். எழுதும் பெட்டியில் 'ஆர்சிஎஸ் மெசேஜ்' என்று மங்கலாகத் தெரிந்தால் அது நெட்டில் போகும் மெசேஜ். ராத்திரி டேட்டாவை அணைத்துவிட்டுப் படுக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது அங்கேயே நிற்கும். மெசேஜஸ் செட்டிங்ஸில் ஆர்சிஎஸ் சாட்ஸ் என்ற இடத்தில், போகாவிட்டால் தானாக எஸ்எம்எஸ்ஸாக அனுப்பச் சொல்லும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்து வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ராத்திரியில் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகி, பாஸ்வேர்ட் போட்டுத் திறக்கப்படாமல் கிடந்தால், பல செயலிகள் எழுந்துகொள்ளவே செய்யாது. மென்பொருள் அப்டேட்டை ராத்திரியில் போட்டுவிட்டுப் படுக்கிற அன்றைக்கு முக்கியமான மெசேஜை நம்பிக் குறித்து வைக்காதீர்கள். போனை மாற்றினாலும் கவனம் தேவை. பழைய போனில் குறித்து வைத்தவை புதுப் போனுக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மாற்றும் அன்றே ஒவ்வொன்றாகத் திரும்பக் குறித்துவிடுங்கள்.

ஐபோனில்

2024 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 18இல்தான் 'சென்ட் லேட்டர்' வந்தது. மெசேஜஸில் உரையாடலைத் திறந்து, இடப்பக்கக் கூட்டல் குறியைத் தட்டி, பட்டியலில் கீழே போனால் இருக்கும். எழுதும் பெட்டிக்கு மேலே நேரம் வரும். அதைத் தட்டி மாற்றிவிட்டு அனுப்ப வேண்டும். குறித்த மெசேஜைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்ட கட்டம் தெரியும். அதிகபட்சம் 14 நாள் முன்கூட்டித்தான் வைக்கலாம். மெசேஜ் ஆப்பிள் சர்வரில் காத்திருப்பதால் போன் அணைந்திருந்தாலும் போகும். ஆனால் எதிரிலும் ஐமெசேஜ் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் ஆளின் உரையாடலைத் திறந்தால் அந்தப் பட்டியலில் 'சென்ட் லேட்டர்' தெரியவே தெரியாது. அதைக் காணோம் என்று போனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

நம் ஊரில் ஐபோன்காரர் மெசேஜ் போடும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் ஆண்ட்ராய்டாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு ஷார்ட்கட்ஸ் செயலிதான் வழி. ஆட்டோமேஷன் பகுதியில் கூட்டல் குறி, 'டைம் ஆஃப் டே', நேரம், பிறகு தினமும், வாரம், மாசம் இவற்றில் ஒன்று. 'ரன் இமீடியட்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் உங்களை எழுப்பி அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கும். பிறகு 'சென்ட் மெசேஜ்' செயலைச் சேர்த்து, ஆளையும் வாசகத்தையும் கொடுங்கள். இது போனுக்குள் இருக்கும் வகை, அதனால் போன் ஆனில் இருக்க வேண்டும். இதில் இன்னொரு ஆபத்து, ஒரு தரத்தோடு நிற்காது. 'நாளைக்கு கிளாஸ் இல்லை' என்று தினமும் காலை 6 மணிக்கு ஒரே அம்மாவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மெசேஜ் போனதும் அந்த ஆட்டோமேஷனை அழித்துவிட வேண்டும். மாசா மாசம் வாடகை, சீட்டு, ட்யூஷன் ஃபீஸ் என்று திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

டெலிகிராமும் வாட்ஸ்அப்பும்

நேரம் குறிப்பதில் எனக்கு மிகவும் நம்பிக்கையானது டெலிகிராம். 2019இல் வந்த வசதி. சென்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் 'ஷெட்யூல் மெசேஜ்'. கம்ப்யூட்டரில் அதே பட்டன் மேல் ரைட் கிளிக். ஒரு வருஷம் வரை முன்கூட்டி வைக்கலாம், ஒரு உரையாடலுக்கு 100 மெசேஜ் வரை காத்திருக்கலாம். எல்லாம் சர்வரில் இருப்பதால் கம்ப்யூட்டரில் குறித்துவிட்டு அதை அணைத்துவிட்டுப் போகலாம். குறித்தவை இருந்தால் எழுதும் பெட்டி ஓரத்தில் காலண்டர் படம் வரும்; தட்டினால் அந்த உரையாடலுக்கான பட்டியல் முழுசும் வரும். 'சென்ட் வென் ஆன்லைன்' என்று இன்னொன்று, எதிரில் இருப்பவர் உள்ளே வந்ததும் அனுப்பும். அவர் 'லாஸ்ட் சீன்' உங்களுக்குத் தெரிந்தால்தான் அது வரும். சீக்ரெட் சாட்டில் மட்டும் நேரம் குறிக்க முடியாது.

சிக்கல் ஒன்றுதான்: சீட்டு கட்டுகிற அக்காவிடம் டெலிகிராம் இருக்காது, வாட்ஸ்அப்தான் இருக்கும்.

மற்ற செயலிகளில் வந்து பல வருஷம் ஆகியும் வாட்ஸ்அப் இதைத் தராமலே வைத்திருந்தது. உங்கள் போனில் சென்ட் பட்டனை அழுத்திப் பிடித்தும் தேதி கேட்கவில்லை என்றால், வெளிச்செயலியைத் தேடாதீர்கள். அப்படிப்பட்ட செயலிகள் 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதியைக் கேட்கும். அது கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவதற்காக வைத்த வசதி. அதைக் கொடுத்தால் அந்தச் செயலியால் திரையில் இருப்பதையெல்லாம் படிக்க முடியும், உங்களுக்குப் பதில் பட்டனை அழுத்தவும் முடியும். ஜிபே, வங்கிச் செயலி இருக்கும் போனில் அந்த அனுமதியைக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அதோடு அவை வேலை செய்வதற்குத் திரைப் பூட்டையும் எடுக்கச் சொல்லும். ஜிபி என்ற பெயரில் சுற்றும் மாற்று வாட்ஸ்அப்பிலும் நேரம் குறிக்கும் வசதி உண்டு. அதைப் போடுகிறவர்களின் கணக்கை வாட்ஸ்அப் முடக்குகிறது. தொழிலுக்கு வைத்திருக்கும் நம்பர் முடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கும் 'அவே மெசேஜ்' பலரைக் குழப்புகிறது. அதில் நேரம் வைக்கலாம், ஆனால் தானாக யாருக்கும் போகாது. உங்களுக்கு ஒருவர் மெசேஜ் போட்டால், கடை மூடிய நேரத்தில் பதில் சொல்லும், அவ்வளவுதான். 'கிரீட்டிங் மெசேஜ்' என்பதும் பதில்தான். புதிதாக எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதுகிறவருக்கும் போகும்.

அப்படியானால் வாட்ஸ்அப்புக்கு என்ன வழி? கூகுள் காலண்டரில் அந்த நேரத்துக்கு ஒரு நிகழ்ச்சி போடுங்கள். அதன் குறிப்புப் பகுதியில் அனுப்ப வேண்டிய வாசகத்தையும், வாட்ஸ்அப்பின் கிளிக்-டு-சாட் இணைப்பையும் (https://wa.me/ என்று எழுதி, ஒட்டினாற்போல அவர் நம்பர்) ஒட்டி வையுங்கள். இணைப்பில் நம்பரை 91இல் ஆரம்பித்து எழுத வேண்டும். முன்னால் கூட்டல் குறியும் கூடாது, பூஜ்யமும் கூடாது. மணி அடித்ததும் வாசகத்தை காப்பி செய்து, இணைப்பைத் தட்டினால் அந்த ஆளின் உரையாடல் நேரே திறக்கும். ஒட்டி அனுப்ப வேண்டியதுதான். ஒரு தட்டு கூடுதல்தான், ஆனால் அந்த நிமிஷத்தில் உங்கள் கண் மெசேஜ் மேல் படுகிறது. அது எவ்வளவு பெரிய லாபம் என்பது கீழே வரும். குரூப்பாக இருந்தால் 'ஈவென்ட்' போடலாம், அல்லது ராத்திரியே மெசேஜைப் போட்டு, 24 மணி நேரம் உரையாடலின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வைக்கலாம். ட்யூஷன் குரூப்புக்கு இதுவே போதும்.

கம்ப்யூட்டரில்

ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் 'செக்கோயா' என்ற மென்பொருள் பதிப்பு வந்த பிறகு மெசேஜஸில் ஐபோனில் இருக்கும் அதே 'சென்ட் லேட்டர்' இருக்கிறது. ஜிமெயிலில் சென்ட் பட்டனுக்குப் பக்கத்திலேயே சின்ன அம்புக்குறி, அதில் 'ஷெட்யூல் சென்ட்'. ஒரே நேரத்தில் 100 மெயில் வரை காத்திருக்கலாம். 'ஷெட்யூல்டு' என்ற இடத்தில் எல்லாமே ஒன்றாகத் தெரியும், ரத்து செய்தால் டிராஃப்ட்டாகத் திரும்பி வரும். பழைய அவுட்லுக்கின் 'டிலே டெலிவரி' பல கணக்குகளில் கம்ப்யூட்டருக்குள்ளேயே காத்திருக்கும் வகை. ஆபீஸை மூடி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் மெயிலும் அங்கேயே கிடக்கும். விண்டோஸின் போன் லிங்கில் உங்கள் ஆண்ட்ராய்டு வழியாக எஸ்எம்எஸ் அனுப்பலாம். வசதியாக டைப் செய்யலாம் என்பதுதான் அதன் பயன். நேரம் குறிப்பதைப் போனிலேயே செய்யுங்கள்.

வாசகம்

போகாத மெசேஜைவிடத் தப்பாகப் போன மெசேஜ் அதிகத் தொல்லை. எழுதும் நேரம் ஒன்று, படிக்கும் நேரம் இன்னொன்று. புதன் ராத்திரி உட்கார்ந்து 'நாளைக்கு சாயங்காலம் 5 மணிக்கு டெஸ்ட்' என்று எழுதி, வியாழன் காலை 6 மணிக்குக் குறித்தால், படிக்கிறவருக்கு டெஸ்ட் வெள்ளிக்கிழமை. குறித்து வைக்கும் மெசேஜில் இன்று, நாளை, நேற்று மூன்றும் வேண்டாம். கிழமையும் தேதியும் போடுங்கள்: 'வியாழன் 12ஆம் தேதி மாலை 5'.

ராத்திரி 12 மணி பிறந்தநாள் வாழ்த்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். 15ஆம் தேதி பிறந்தநாள் என்றால், குறிக்க வேண்டியது 15ஆம் தேதி 12:00 ஏஎம். 14ஆம் தேதி 12:00 ஏஎம் என்றால் ஒரு நாள் முன்னாலேயே போய்விடும். 15ஆம் தேதி 12:00 பிஎம் என்றால் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போகும். போனை 24 மணி நேரக் கணக்குக்கு மாற்றிவிட்டால் 00:00 என்று தெரியும், குழப்பம் தீர்ந்தது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நம் போனின் நேரப்படிதான் கணக்கு. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதியும் குவைத்தும் இரண்டரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 7 மணிக்குப் போய்ச் சேர வேண்டுமானால் துபாய்க்கு இங்கே 8:30, சவூதிக்கு 9:30, சிங்கப்பூருக்கு அதிகாலை 4:30. லண்டன் கணக்கு கோடையில் நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை.

அடுத்தது, நிலைமை மாறுவது. சீட்டுப் பணம் 10ஆம் தேதி என்று நினைவூட்டலைக் குறித்து வைத்தீர்கள். அக்கா 9ஆம் தேதியே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மறுநாள் காலை 'பணம் கட்டுங்க' என்று மெசேஜ் போனால் அவர் மனசு நோகும், நியாயம்தான். இதற்கு வாசகத்திலேயே வழி வைக்க வேண்டும்:

'வணக்கம் அக்கா, சீட்டுப் பணம் 10ஆம் தேதி. கட்டிட்டா விட்டுடுங்க. நன்றி'

இந்த வாசகத்தின் நீளத்தையும் பாருங்கள். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70தான். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரிந்து, துண்டுக்கு 67 என்று கணக்கு. நாம் எண்ணுகிறபடி போன் எண்ணாது. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து, போனுக்கு 7. மேலே உள்ள வாசகம் இடைவெளியோடு சேர்த்து 69. ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிடும். கடைசியில் ஒரு கும்பிடு எமோஜி போட்டால் அதற்கு 2, மொத்தம் 71. இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிட்டது. பல பேக்குகளில் நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான். 60 பேருக்கு அனுப்பினால் எமோஜி இல்லாமல் 60, எமோஜியோடு 120. கடைசி 10 பேருக்குப் போகாது, ஏன் போகவில்லை என்றும் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு கண்ணி இருக்கிறது: ரூபாய்க் குறியீட்டைப் போட்டால் அந்த ஒரு குறிக்காக முழு மெசேஜும் 70 எழுத்துக் கணக்குக்கு இறங்கிவிடும். ஆங்கிலத்தில் ஆர், எஸ் என்று இரண்டு எழுத்து போட்டால் 160 அப்படியே இருக்கும்.

பல பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதானால் கூகுள் மெசேஜஸ் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு, குரூப் மெசேஜிங் என்று போய், தனித்தனி எஸ்எம்எஸ்ஸாகப் போகும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் எம்எம்எஸ்ஸாகப் போகப் பார்க்கும், பல பேக்குகளில் அது போகாது. போனாலும் ஒருவர் பதில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் 30க்கு மேல் எஸ்எம்எஸ் கிளம்பினால் 'இந்தச் செயலி நிறைய மெசேஜ் அனுப்புகிறது, விடலாமா' என்று ஆண்ட்ராய்டு கேட்டு நிற்கும். காலை 6 மணிக்கு அதற்குப் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். இருபது இருபது பேராகப் பிரித்து, நடுவில் அரை மணி நேரம் விட்டுக் குறியுங்கள்.

மழை, கடல், கரண்ட்

வட சென்னையில் குறித்து வைத்த மெசேஜுக்குப் பெரிய எதிரி மழை. ராத்திரி 9 மணிக்கு 'காலை 6 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் உண்டு' என்று குறித்து வைத்துவிட்டுப் படுக்கிறோம். விடியற்காலையில் கலெக்டர் விடுமுறை அறிவிக்கிறார். மெசேஜ் அதுபாட்டுக்குப் போய்விடுகிறது. முட்டித் தண்ணியில் பிள்ளையை அழைத்துக்கொண்டு வருகிற அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வெளியே வரச் சொல்லும் மெசேஜ் எதையும் தானாகப் போக விடாதீர்கள். காலண்டர் நினைவூட்டல் முறைக்கு மாறுங்கள். அந்த நேரத்தில் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு நீங்களே அனுப்புங்கள்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி, எண்ணூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அந்த மாதிரி நாட்களில் போனுக்குள் காத்திருந்த எதுவும் போகாது. சர்வரிலிருந்து போனாலும் எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேராது. அப்புறம் சிக்னல் வந்ததும் பழைய மெசேஜ் தாமதமாகக் கிளம்பலாம், 'அனுப்ப முடியவில்லை' என்று சிவப்பில் நிற்கவும் செய்யலாம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே குறித்து வைத்தவற்றைத் திறந்து, தேவையில்லாததை அழித்துவிடுவதுதான் முதல் வேலை. எங்கெங்கே என்ன குறித்தோம் என்பது நினைவில் நிற்காது என்பதால், குறிக்கும்போதே ஒரு நோட்டில் பெயர், தேதி, நேரம் மூன்றையும் எழுதி வைப்பது நல்லது.

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. கரையை விட்டு ஓரளவு தூரம் போனதும் டவர் கிடைக்காது. நடுக்கடலில் இருப்பவருக்குப் போகும் எஸ்எம்எஸ் கம்பெனியிடம் காத்திருந்து, அவர் போன் சிக்னலுக்குள் வந்ததும் சேரும். ஆனால் அங்கேயும் அது எந்நேரமும் காத்திருக்காது, குறிப்பிட்ட காலம் தாண்டினால் விழுந்துவிடும். அதனால் போட் கிளம்புவதற்கு முன்னால் படிக்க வேண்டியதைக் கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்னாலேயே போகும்படி குறியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ராத்திரி போட்டெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அன்றைக்கு ஆள் சேர்க்கும் மெசேஜை இரண்டு நாள் முன்னால் ஒரு தரம், அன்று காலை ஒரு தரம் என்று இரண்டாகப் பிரித்துக் குறிப்பது சரி. அதற்கு மேலும் பதில் வராதவருக்குப் போன் செய்யத்தான் வேண்டும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓபி பார்க்கப் போகிற பெரியவருக்கும் அப்படித்தான். வெறும் வயிற்றில் வரச் சொன்ன ரத்தப் பரிசோதனை, நிறுத்தச் சொன்ன மாத்திரை என்று தப்பினால் உடம்புக்குக் கெடுதல் வரும் விஷயத்துக்குக் குறித்து வைத்த மெசேஜை நம்பக் கூடாது. முதல் நாள் ராத்திரி குரலில் சொல்லுங்கள், அவர் போனிலேயே அலாரம் வையுங்கள்.

கடைக்காரர்களுக்கு

பண்டிகைத் தள்ளுபடியை வாடிக்கையாளர் எல்லோருக்கும் சொந்த நம்பரிலிருந்து எஸ்எம்எஸ்ஸாகக் குறித்து வைக்கும் யோசனை வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி வணிக மெசேஜ் அனுப்ப, டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் கடையையும், அனுப்புகிறவர் பெயராகத் தெரியும் 6 எழுத்துத் தலைப்பையும், வாசக மாதிரியையும் பதிவு செய்ய வேண்டும். நமக்கு வரும் மெசேஜ்களில் தலைப்பின் கடைசியில் தெரியும் ஓரெழுத்து இதைச் சேர்ந்ததுதான்: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. பத்து இலக்க நம்பரிலிருந்து விளம்பரம் வந்தால் வாடிக்கையாளர் 1909இல் புகார் செய்யலாம்; புகார் சேர்ந்தால் இணைப்பே போகும். பதிவு செய்து அனுப்பும் மொத்த மெசேஜ் சேவைகளில் நேரம் குறிக்கும் வசதி உள்ளேயே இருக்கும், மெசேஜும் சர்வரிலிருந்துதான் போகும். இரவு 9 மணிக்கு மேல் விளம்பரம் போகாது, அதனால் பகல் நேரத்துக்கே வையுங்கள். பதிவுக்கும் வாசக ஒப்புதலுக்கும் நாள் பிடிக்கும் என்பதால் தீபாவளிக்கு வேண்டுமானால் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு வேலையைத் தொடங்க வேண்டும்.

புது போனோ புதுச் செயலியோ எதுவானாலும், முதல் முக்கியமான மெசேஜுக்கு முன்னால் இரண்டு சோதனை. வீட்டில் இருக்கும் இன்னொரு நம்பருக்கு 10 நிமிஷம் கழித்துப் போகும்படி ஒன்று. திரையைப் பூட்டிவிட்டுத் தள்ளி வையுங்கள். அது சரியாகப் போனால், விடியற்காலை 4:30க்கு இன்னொன்று, சார்ஜரில் போடாமல். இரண்டாவதும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த போனை நம்பலாம். முதலாவது போய் இரண்டாவது தாமதமானால் பேட்டரி செட்டிங்ஸுக்குத் திரும்பிப் போங்கள்.